மேனியைப் பேணுதலும் வழிபாடே

பாண்டி நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற பதினான்கு திருத்தலங்களுள் திருச்சுழியும் ஒன்று. ஊழிப் பெருவெள்ளம் இத்தலத்தைச் சூழ்ந்தபோது, சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளம் சுழித்துப் பாதாளம் புகுமாறு செய்தருளினார் என்று தலபுராணம் கூறும். சுந்தரமூர்த்தி நாயனாரால் பாடப்பெற்ற இத்தலத்து இறைவனுக்குத் திருமேனிநாதர் என்பது திருநாமம். அம்பிகை துணைமாலையம்மை. பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவதரித்ததும் இவ்வூரிலேயாகும்.

மேனி என்ற சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கிய பெருமானை வணங்கும் தாய்மார்கள், தம் மேனியில் தோன்றும் ஒரு மாற்றத்தைப் பெற்ற மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல நாணுகின்றனர். கண் மங்கினால் சொல்கின்றனர். மூட்டு வலித்தால் சொல்கின்றனர். மார்பகத்தில் ஒரு கட்டி தென்பட்டால் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மௌனமாகி விடுகின்றனர். அருப்புக்கோட்டையின் தறி வீடுகளிலும், திருச்சுழி, நரிக்குடிப் பகுதியின் மிளகாய்க் காடுகளிலும், கரிமூட்டம் போடும் கருவேலங்காடுகளிலும் உழைத்து முதிர்ந்த பெண்களுக்கு உடல்நோவைப் பொறுத்துக்கொள்வது பழகிப்போன ஒன்று. அந்தப் பொறுமையே சில வேளைகளில் அவர்களுக்குப் பகையாகி விடுகிறது.

நம் சமயம் இவ்வுறுப்பின் பெயரைச் சொல்ல ஒருபோதும் நாணியதில்லை. பகவான் ரமணர் சென்றடைந்த திருவண்ணாமலையில் அம்பிகையின் திருநாமமே உண்ணாமுலையம்மை. சீகாழிக் குளக்கரையில் பசித்தழுத பிள்ளைக்கு உமையவள் ஞானப்பால் ஊட்டிய வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் விழாவாகக் கொண்டாடுகிறோம். மதுரையில் மலையத்துவச பாண்டியனின் வேள்வித் தீயிலிருந்து தோன்றிய பெண்மகவுக்கு மூன்று தனங்கள் இருக்கக் கண்டு அரசனும் அரசியும் கவலையுற்றனர் என்றும், உரிய நாயகனைக் காணும்பொழுது ஒன்று மறையும் என்று அசரீரி கூறிற்று என்றும் திருவிளையாடற் புராணம் ஒளிவுமறைவின்றி உரைக்கிறது. சந்நிதியில் அர்ச்சகர் உரத்துச் சொல்லும் சொல்லை வீட்டில் தாயும் மகளும் தமக்குள் மெல்லச் சொல்லிக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை.

மௌனத்தைக் கலைப்பதற்கு முதலில் அச்சம் தெளிய வேண்டும். மார்பகத்தில் தோன்றும் மாற்றங்களுள் பெரும்பாலானவை இயற்கையானவை, நோயல்லாதவை. எது இயல்பு, எது மருத்துவரிடம் காட்டத்தக்கது என்ற வேறுபாடு தெரிந்துவிட்டால் வீண் கலக்கமும் இராது, வீண் தாமதமும் இராது.

இயல்பான மாற்றங்கள்

மார்பகம் என்பது பால் சுரக்கும் சுரப்பிகள், அப்பாலைக் காம்புக்குக் கொணரும் நுண்குழாய்கள், இவற்றைத் தாங்கும் நார்த்தசை, இடையே நிறைந்த கொழுப்பு ஆகியவற்றால் ஆனது. இச்சுரப்பிகள் அக்குள்வரை நீண்டிருப்பதால், மேற்புறத்து வெளிப்பகுதி மற்ற இடங்களைவிடத் தடித்திருப்பது இயற்கை. அடிப்பகுதியில், ரவிக்கையின் விளிம்பு படியும் இடத்தில், வரப்புப்போல் ஒரு தடிப்பு கைக்குத் தட்டுப்படுவதும் இயற்கையே. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு பக்கமும் முற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. இளமை முதலே ஒருபக்கம் சற்றுப் பெரிதாகவோ, காம்பு உள்வாங்கியோ இருந்தால் அதனால் தீங்கில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு சுரப்பிகள் படிப்படியாகச் சுருங்கி, அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. ஆகவே முதிய வயதில் மார்பகம் மென்மையாகி, தளர்ந்து, சரிகிறது, அளவும் குறையலாம். உடல் மெலிந்தவர்களுக்கு உள்ளிருக்கும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, கட்டியோ என்ற மயக்கத்தைத் தரும். இவை மூப்பின் அடையாளங்கள். நரையும் திரையும் போன்றவை. வெயில் கொளுத்தும் வறண்ட சீமையில், தளர்ந்த மார்பகத்தின் அடிமடிப்பில் வியர்வை தங்கி அரிப்பும் சிவப்பும் புண்ணும் உண்டாவதும் மிகுதி. அவ்விடத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணி அணிந்தால் பெரும்பாலும் ஆறும். இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, வீட்டிலுள்ள மகள், மருமகள், பேத்தி ஆகியோருக்கு உரியவை. பூப்பெய்தும் பருவத்தில் ஒருபக்கம் முந்தியும் மற்றது பிந்தியும் வளர்வதுண்டு. மாதவிலக்குக்குச் சில நாள்களுக்கு முன்பு இரண்டு பக்கமும் கனத்து, வலித்து, முடிச்சு முடிச்சாகத் தோன்றி, விலக்கு முடிந்தபின் தணிவது உடலின் இயல்பான சுழற்சி. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்து, காம்பைச் சுற்றிய வட்டம் கறுத்து, அதில் சிறு பருக்கள்போல் தோன்றும். பாலூட்டும் காலத்தில் பால்கட்டு ஏற்படும்; குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுத்தால் தணியும். ஆனால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் கண்டால் அது கிருமித் தொற்று. பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இளம்பெண்களுக்குக் கோலிக்குண்டுபோல் உருண்டு, தொட்டால் நழுவி ஓடும் ஒருவகைக் கட்டி வருவதுண்டு. நாற்பதை ஒட்டிய வயதினருக்கு நீர் நிறைந்த பைகள்போன்ற கட்டிகள் வரும். இவ்விரண்டும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எனினும் கட்டி எத்தகையது என்று முடிவு செய்வது மருத்துவரின் பணியே. பாட்டியின் பணியோ, பக்கத்து வீட்டாரின் பணியோ அன்று.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

1. மார்பகத்திலோ அக்குளிலோ, முன்பு இல்லாத கட்டி அல்லது தடிப்பு. கெட்டியாக, நகராமல் இருந்தால் சிறிதும் தாமதிக்கலாகாது.

2. ஒரு பக்கத்தின் அளவோ வடிவமோ மாறுதல்.

3. தோல் குழிவிழுதல், சுருங்குதல், ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்துப் புள்ளி புள்ளியாகத் தோன்றுதல், காரணமின்றிச் சிவத்தல்.

4. நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல்.

5. காம்பிலோ அதைச் சுற்றியோ படைபோல் தோன்றி, களிம்புக்கு ஆறாத புண்.

6. அழுத்தாமலேயே ஒரு காம்பிலிருந்து மட்டும் இரத்தமாகவோ தெளிந்த நீராகவோ கசிவு.

மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இலேசான முடிச்சு தென்பட்டால், அடுத்த விலக்கு முடியும்வரை பார்த்து, மறையாவிடில் மருத்துவரிடம் செல்லலாம். மாதவிலக்கு நின்றுவிட்ட தாய்மார்களுக்கு அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. அவர்களுக்குச் சுழற்சியால் வரும் வீக்கம் கிடையாது. புதிதாகத் தோன்றும் எந்தக் கட்டியையும் அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு சொல். நாட்டுப்புறத்தில் வலித்தால்தான் நோய் என்று கருதுவர். மார்பகத்தைப் பொறுத்தமட்டில் இக்கருத்து பெரும் தீங்கு விளைவித்துள்ளது. மார்பக வலி பெரும்பாலும் புற்றுநோயால் வருவதன்று. தொடக்க நிலைப் புற்றுநோய்க்கட்டியோ பெரும்பாலும் வலிப்பதில்லை. “வலியே இல்லை, ஆகையால் ஒன்றுமில்லை” என்று ஓராண்டு கழித்துவிட்டு, கட்டி புண்ணாகி நீர் வடியத் தொடங்கியபின் வருகின்ற முதியவர்கள் இன்றும் உண்டு.

இன்னொரு தவறான எண்ணம், முதியவர்களுக்கு இந்நோய் வாராது என்பது. வயது ஏற ஏற இந்நோய்க்கான வாய்ப்பு ஏறுகிறதேயன்றிக் குறைவதில்லை. “பத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான்” என்று சொல்லும் அப்பத்தாக்களும் உண்டு. பாலூட்டுதல் நோய்க்கான வாய்ப்பைக் குறைப்பது உண்மை, அறவே நீக்குவதில்லை. குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை என்பதும் முழுக் காப்பாகாது. இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. ரவிக்கைக்குள் பணப்பை வைத்ததால் வந்தது, குழந்தை தலையால் முட்டியதால் வந்தது என்று காரணம் கற்பிப்பதும் சரியன்று. இது தொற்றுநோயும் அன்று. நோயுற்றவரின் தட்டில் உண்பதாலோ, அவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ யாருக்கும் பரவாது.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியதாகவும், ஏறத்தாழ 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. உரிய காலத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க நோயில் இத்துணை உயிர்கள் போவதற்குப் பிந்தி வருதலே முதன்மையான காரணங்களுள் ஒன்று.

கைகள் காத்த உயிர்கள்

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை இலட்சம் பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கையால் தொட்டு மார்பகப் பரிசோதனை செய்தனர். பெரிய இயந்திரம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. நகரத்துப் பெரிய கருவிகள் எட்டாத கரிசல் கிராமத்துக்கும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைகள் எட்டும் என்பதே இவ்வாய்வு தரும் செய்தி. இதனால் மிகுதியும் பயனடைந்தவர்கள் முதிய பெண்களே என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அத்தகைய பரிசோதனை இன்று தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்யப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கச் செல்லும் தாய்மார்கள், அந்தப் பிரிவின் செவிலியரிடமே இதனையும் கேட்கலாம். மேற்கொண்டு பார்க்க வேண்டியிருந்தால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையும், 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். எங்கே செல்வது என்று விளங்காதவர்கள் 104 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்ற தாய்மார்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். பௌர்ணமியன்று கோயிலுக்குப் புறப்படுமுன் தலைக்குக் குளிப்பவர்கள் அந்நாளையே வைத்துக்கொண்டால் மறதி நேராது. கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும் பின் உயர்த்தியும், தோலிலும் வடிவத்திலும் மாற்றமுண்டா என்று பார்க்க வேண்டும். குளிக்கும்போது சோப்பு நுரையோடு, விரல்களின் உட்புறத்தால் வட்டமாகத் தடவி, அக்குள்வரை சோதிக்க வேண்டும். கொத்தாகப் பிடித்தால் எல்லாமே கட்டியாகத் தோன்றும். தட்டையாகத் தடவுவதே முறை. விலக்கு நிற்காத பெண்கள், விலக்கு முடிந்த சில நாள்களில் இவ்வாறு செய்யலாம். இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றன்று. தன் உடலின் இயல்பைத் தான் அறிந்திருந்தால் புதிய மாற்றம் உடனே புலப்படும், அதற்காகவே இது.

மருத்துவமனையில் நடப்பது

அங்கே என்ன செய்வார்களோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. முதலில் மருத்துவர் கேட்டறிந்து, இரண்டு பக்கத்தையும் அக்குளையும் கையால் சோதிப்பார். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆண் மருத்துவராயின் பெண் செவிலியர் உடனிருப்பார். மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். அடுத்து ஸ்கேன் அல்லது மேமோகிராம். மேமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். சற்று நெருக்கும், உடனே விட்டுவிடும். அன்று மார்பிலும் அக்குளிலும் பவுடரோ களிம்போ பூசாமல் செல்ல வேண்டும். மார்பில் திருநீறு தரிப்போர் அன்று நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐயம் இருந்தால் ஊசியால் சிறிதளவு திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். ‘ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்’ என்று ஊரில் சொல்வது தவறு. அந்தச் சோதனையின்றிச் சரியான மருத்துவம் தொடங்கவே இயலாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இத்தனை சோதனைகளுக்குப் பிறகு, பலருக்கு “இது புற்றுநோய் அன்று” என்ற முடிவே கிடைக்கும். அந்த நிம்மதிக்காகவேனும் சென்று வரலாம்.

புற்றுநோய் என்றே தெரிந்தாலும், மார்பகத்தை முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை எல்லோருக்கும் இல்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால், கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்க இயலும். சிலவகை நோயில், முதிய பெண்களுக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரையே முதன்மையான மருந்தாக அமைவதுண்டு. “இந்த வயதில் எனக்கெதற்கு வைத்தியம்” என்று ஒதுங்குவோர், வைத்தியம் இன்னதென்று கேட்டறிந்த பிறகு முடிவு செய்யலாமே.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் வழி திறந்தவர் ஒரு பெண்மணி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பல்லாண்டுகள் முயன்று 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதனை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர்.

சரணாகதி வேறு, கூச்சம் வேறு

பக்தியுள்ள நெஞ்சில் எழும் ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் இதனை முடிக்கலாகாது. “எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள், வந்ததை ஏற்பதுதானே சரணாகதி” என்பர். திருச்சுழியில் பிறந்த பகவானையே இதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அவ்வரலாற்றைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் இறுதியில் பகவானின் இடக்கையில், முழங்கையருகே, சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்து மருத்துவர் அதனை அகற்றினார். மார்ச் 17ஆம் நாள், அன்னை அழகம்மாளின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயக் கும்பாபிஷேகம் நடந்தேறிய காலத்திலேயே கட்டி மீண்டும் தலைகாட்டியது. சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு பகவான் மகாநிர்வாணம் எய்தினார்.

கையை எடுத்துவிட வேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை என்பது மெய். அதுமட்டுமே நம் நினைவில் நிற்கிறது. கட்டியை அவர் மறைக்கவில்லை என்பதும், மருத்துவர்கள் வந்தபோதெல்லாம் கையை நீட்டினார் என்பதும், அவர்களும் வைத்தியர்களும் செய்த முயற்சிகளைத் தடுக்கவில்லை என்பதும் அவ்வளவு மெய்யே. உடலைத் தான் என்று கருதாத ஞானி அவர்; அதனால் உடலை ஒளித்துக்கொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. கட்டியைப் போர்த்தி மறைப்பவரிடம் இருப்பது அந்தப் பற்றின்மை அன்று. நாணமும் அச்சமும் ஆகும். அவற்றைச் சரணாகதி என்று பெயரிட்டு அழைத்தால் அம்பிகை ஏமாறமாட்டாள்.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளித் தகட்டில் உறுப்பின் உருவைச் செய்து காணிக்கை செலுத்துவது நம் சீமையின் வழக்கம். இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டவர் நேர்த்திக்கடனைத் தவறாது செலுத்தட்டும். அவ்வேண்டுதல் மருத்துவமனைக்குச் செல்லும் துணிவைத் தர வேண்டும். செல்லாதிருப்பதற்குக் காரணமாகக் கூடாது. பற்றும் ஒத்தடமும் போட்டு மாதங்களைக் கடத்துவதும் கூடாது.

இதில் வீட்டுப் பெரியவர்களின் பங்கு பெரிது. புதிதாக வந்த மருமகள் தன் உடல்குறையை முதலில் சொல்ல வேண்டியது மாமியாரிடம்தான். “அத்தை, இங்கே ஏதோ கட்டியாக இருக்கிறது” என்று அவள் தயங்கித் தொடங்கும்போது, “சும்மா இரு, யாரிடமும் சொல்லாதே” என்பதா, “நாளைக் காலையில் நானும் வருகிறேன், போய்க் காட்டுவோம்” என்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் கதியே அடங்கியிருக்கலாம். தானே கட்டியைக் கண்ட பெரியவள், மகனின் செலவையும் பேத்தியின் திருமணத்தையும் எண்ணிச் சொல்லாமல் விடுவதும் உண்டு. நோய் முற்றியபின் ஆகும் செலவு, தொடக்கத்தில் ஆகும் செலவைவிடப் பன்மடங்கு என்பதை அவர் அறிய வேண்டும். தாய்க்குப் புற்றுநோய் என்றால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சி மறைப்பது, பெண்ணைத் தாயற்றவளாக்கி மணமேடை ஏற்றுவதில் முடியலாம்.

வீட்டு ஆண்களுக்கும் கடமையுண்டு. மனைவி எதையோ மறைப்பதாக உணர்ந்தால், கடிந்து கேளாமல், மகளைக் கொண்டாவது பக்குவமாகக் கேட்டறிய வேண்டும். பேருந்துச் செலவும், கூட வரும் துணையும், வீடு திரும்பும்வரை பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்கள் ஏற்கத்தக்கவை. ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வருவதுண்டு. காம்பின் அடியில், ஒரு பக்கம் மட்டும் கெட்டியான தடிப்புக் கண்டால் அவர்களும் கூச்சப்படாமல் காட்ட வேண்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஏதேனும் தென்பட்டிருப்பவர்கள் மட்டும் பௌர்ணமிவரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படட்டும். துணைமாலையம்மை துணையிருப்பாள்.